முன்முள் மங்குகிறது, ரெட் டாட் மாட்டலாமா?

கேள்வி: வயது 49. தற்காப்புக்காக லைசென்ஸுடன் பிஸ்டல் வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாகக் குறி பார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முன்முள் மங்கலாகத் தெரிகிறது. ரெட் டாட் (சின்னக் கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் குறி சைட்) மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். மாட்டலாமா?

பதில்: மாட்டலாம். 'எல்லாம் சரியாகிவிடும்' என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

அயர்ன் சைட்டில், அதாவது பிஸ்டலோடு வரும் சாதாரணக் குறியில், பின்பள்ளம், முன்முள், இலக்கு மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். அதில் கண் தெளிவாகப் பிடிக்க வேண்டியது முள்ளை. வெள்ளெழுத்து வந்துவிட்டால் கை நீளத்தில் இருக்கும் அந்த முள்தான் கலங்கும். ரெட் டாட்டில் இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன்மேல் வந்து உட்காரும். உங்கள் பிரச்சினைக்கு இது நேரான மருந்து.

ஆனால் உங்கள் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு சீராக இல்லாததற்குத் தரும் பவர்) இருக்கிறதா? இருந்தால் புள்ளி வட்டமாகத் தெரியாமல் வால் முளைத்த மாதிரியோ சிதறிய நட்சத்திரம் மாதிரியோ தெரியலாம். சைட் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, விலை கூடியதை வாங்கி, அதிலும் அதே வாலைப் பார்ப்பவர்கள் உண்டு. கடையில் பிஸ்டலில் மாட்டாத சைட்டை எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து, புள்ளியை மொபைலில் படமெடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு கண்ணில்தான். சரியான பவர் கண்ணாடியோடு பாருங்கள். பச்சைப் புள்ளி சிலருக்குத் தேவலை. அப்போதும் சிதறினால் காசை வீணாக்காதீர்கள், பளிச்சென்ற நிறத்தில் பெரிய முன்முள் போதும்.

அப்புறம் என் வயிற்றெரிச்சல். சைட்டை மாட்டும் திருகுத் துளையை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு இடத்தில் வைக்கிறது. ஆர்எம்ஆர் என்ற துளை அளவில் வரும் சைட், ஆர்எம்எஸ்சி என்ற வேறு அளவில் துளையிட்ட ஸ்லைடில் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) உட்காராது. இத்தனை வருஷத்தில் பொது அளவு ஒன்றுக்கு வர இவர்களுக்கு மனசில்லை. அந்தச் சந்தில் பிழைப்பவர்தான் 'எல்லாத்துக்கும் பொருந்தும் சார்' என்று அடாப்டர் தட்டு விற்பவர். தட்டுக்குத் திருகு, அதன்மேல் சைட்டுக்குத் திருகு. எது தளர்ந்தாலும் குறி தப்பும். என்னிடம் வந்த ஒரு பிஸ்டலில் காலித் தோட்டா வெளியே வராமல் மாட்டிக்கொண்டே இருந்தது. ஸ்பிரிங் வீக் என்று இரண்டு முறை மாற்றிக் காசு பிடுங்கியிருந்தார்கள். சைட்டின் திருகு கொஞ்சம் நீளம், அடியில் காலித் தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் பாகத்தை அழுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். உங்கள் ஸ்லைடிலேயே நேராக உட்காரும் சைட்டை, அதற்கென்று வந்த திருகோடு வாங்குங்கள். பொம்மைத் துப்பாக்கிக்கென்று செய்த சைட்டையும் அசல் மாதிரி தள்ளிவிடுவார்கள். ஸ்லைடு அடிக்கிற அடியில் அது சீக்கிரமே கண்ணை மூடிவிடும்.

அயர்ன் சைட்டை யார் சொன்னாலும் கழற்றாதீர்கள். ரெட் டாட்டின் கண்ணாடி வழியே தெரியும் உயரத்தில் அது இருக்கட்டும். பேட்டரியை வருஷம் ஒருமுறை, தீருமுன்பே மாற்றுங்கள்.

முதல் சில வாரம் பிஸ்டலைத் தூக்கினால் புள்ளியே கண்ணில் படாது, கண்ணாடிக்குள் தேடுவீர்கள். தோட்டாவை எடுத்துவிட்டு, சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் அறை) இரண்டு முறை பார்த்து, கெட்டியான வெளிச்சுவரில் ஒரு புள்ளியை முறைத்தபடி மெதுவாகத் தூக்கிப் பழகுங்கள். பத்துக்குப் பத்து முறை தேடாமல் கிடைக்கும்வரை அயர்ன் சைட் பிஸ்டலே இடுப்பில் இருக்கட்டும்.