குழி எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம்?

கேள்வி: ஐயா, ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பெயரைப் பார்த்தேன். யார் இவர்? போன மாதம் எங்கள் காபித் தோட்டத்தில் குழி எடுத்தபோது வழவழவென்று, ஒரு முனை மட்டும் கூரான கல் ஒன்று கிடைத்தது. ‘ஃபூட் துரை சேர்த்த மாதிரிக் கல்’ என்கிறார் என் மாமனார். அதை என்ன செய்வது?
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: அம்மா, அந்தக் கல்லை இன்னும் தேய்த்துக் கழுவவில்லை என்றால், தயவுசெய்து கழுவாதீர்கள்.

ஃபூட், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858இல் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் செம்புரைக்கல் சரளையிலிருந்து ஒரு கைக்கோடரியை, அதாவது கையில் பிடித்து வெட்டும் கற்கருவியை, எடுத்தார். இந்த நாட்டிலும் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதை உலகுக்குக் காட்டியது அந்தக் கல்தான். அதே ஆண்டு செப்டம்பரில் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன், சென்னைக்கு வடமேற்கே உள்ள அதிரம்பாக்கத்தில் கற்கருவிகள் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். அங்குள்ள கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

ஃபூட்டின் மாமனாரும் நமக்கு அந்நியர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல்தான். அவர் 1882இல் காலமானதும் ஏற்காட்டில். ஃபூட்டும் பிற்காலத்தில் அங்கேயே வீடு அமைத்துக்கொண்டார். 1912இல் கல்கத்தாவில் இறந்தாலும், அவர் அஸ்தி நீங்கள் பார்த்த அந்தத் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது.

உங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இப்படி வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவை புதிய கற்காலத்தவை. மலைமக்கள் அவற்றைப் பிள்ளையார் முன்னால் வைத்து வணங்கினார்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்த பொருளுக்கு அவர்கள் கொடுத்த அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஃபூட்டின் சேகரிப்பு இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் எழுதிய பட்டியலும் குறிப்புகளும் அவர் மறைந்த பிறகு 1914இலும் 1916இலும் அச்சாயின. அவற்றைப் புரட்டினால் ஊர் ஊராக வரும்: எந்த ஊர், என்ன கல், என்ன கருவி. அவர் சேர்த்த கற்களைவிட இந்தக் குறிப்புகளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். குறிப்பு இருப்பதால்தான், நூறு ஆண்டு கழித்தும் ஒருவர் அதே இடத்துக்குப் போய் மண்ணைப் பார்க்க முடிகிறது.

நான் சேலத்தில் ஆசிரியராக இருந்தபோது ஒரு மாணவன் அருமையான கற்கோடரி ஒன்றைக் கொண்டுவந்தான். மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன்; எங்கே எடுத்தான் என்று எழுதி வைக்கவில்லை. பையனும் ஊர் மாறிப் போய்விட்டான். கல் இன்னும் என்னிடம் இருக்கிறது, ஆனால் அது எந்த மலைச்சரிவின் கதையைச் சொல்லும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றும் அது மனதை அறுக்கிறது.

நீங்கள் இன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள்: தேதி, தோட்டத்தின் எந்தப் பக்கம், எத்தனை அடி ஆழம், மண்ணின் நிறம், கூடவே பானை ஓடு, சாம்பல், எலும்பு ஏதாவது வந்ததா. பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்துப் படம் எடுங்கள். அந்த இடத்தில் மேற்கொண்டு தோண்ட வேண்டாம். பிறகு சேலம் அரசு அருங்காட்சியகத்தில் கல்லையும் தாளையும் சேர்த்தே காட்டுங்கள். குழி வெட்டியவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மண்வெட்டி முதலில் எதில் பட்டது என்பது அவருக்குத்தான் தெரியும்.