எங்கே கிடந்தது?

அன்புள்ள ஐயா,

தொல்லியல் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். உடைந்த பானை ஓட்டையும் நாலு எலும்பையும் வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் வாழ்க்கையையே எழுதிவிடுகிறார்களே, அதில் ஆதாரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு? கரித்துண்டின் வயதைச் சொல்லும் கரிமக் காலக்கணிப்பிலேயே இத்தனை ஆண்டு கூட்டியோ கழித்தோ என்று கூட்டல் கழித்தல் போடுகிறார்கள். ஒரு தொல்மேட்டில் பொறுக்கிய பதினோரு சூதுபவள (செந்நிறக் கல்) மணிகளைப் பல ஆண்டுகளாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவை என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தொல்லியலாளர்களிடம் மட்டும் எப்படிப் பேசுகின்றன?

ர.

அன்புள்ள ர.,

கூட்டல் கழித்தலை முதலில் முடித்துவிடுகிறேன். அளவீட்டில் எவ்வளவு பிசகு இருக்கக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்லும் முறை அது. அதில் குறை காண ஒன்றுமில்லை. கவலைப்பட வேண்டியது வேறொன்று. கரித்துண்டு காட்டும் காலம் அந்த மரக்கட்டை வளர்ந்த காலம், அடுப்பில் எரிந்த காலம் அல்ல. முந்நூறு ஆண்டு நின்ற மரத்தின் வைரத்தை, அதாவது பழைய உள்கட்டையை, எரித்திருந்தால் கணக்கு அந்த அளவுக்குப் பின்னே போய்விடும். ஆகவேதான் ஒரே பருவத்தில் விளைந்து முடியும் தானியம் கருகிக் கிடக்கிறதா என்று மண்ணைச் சலித்துத் தேடுகிறார்கள்.

என்னை இந்தப் பதிலை எழுத வைத்தவை அந்தப் பதினோரு மணிகள். கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவை ஒரு எலும்புக்கூட்டின் கழுத்தெலும்பை ஒட்டி வரிசையாகக் கிடந்திருந்தால், இறந்தவருக்கு அணிவித்துப் புதைத்தார்கள் என்று சொல்லலாம். பாதி துளையிட்ட மணிகளோடும் கற்சிதறல்களோடும் கிடந்திருந்தால் அங்கே மணி செய்தார்கள். ஒரு பானைக்குள் மொத்தமாக இருந்திருந்தால் யாரோ சேமித்து வைத்தார்கள். குப்பைக்குழியில் சிதறியிருந்தால் யாருடைய மாலையோ அறுந்து போயிற்று. மணிகள் அதே பதினொன்றுதான். இந்த நான்கில் எது நடந்தது என்று சொல்லக்கூடியது அவை கிடந்த மண் மட்டுமே, அதை நீங்கள் பெட்டியில் கொண்டுவர முடியாது. மழை அரித்து மேலே வந்தவற்றைத்தானே எடுத்தேன் என்பீர்கள். மேற்பரப்பில் எது எங்கே அடர்ந்து கிடக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டுதான் எங்கே குழி போடுவது என்றே முடிவு செய்கிறார்கள்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு தவறினால் வந்தது. கல்லூரி நாட்களில் ஓர் அகழாய்வில் சில வாரங்கள் உதவிக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள், குழியின் பக்கச்சுவரில் ஒரு கறுப்பு சிவப்பு ஓட்டின் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. கரணையின் முனையால் நெம்பி எடுத்து, ஓடிப்போய் பொறுப்பாளரின் கையில் கொடுத்தேன். அவர் ஓட்டைப் பார்க்கவே இல்லை. "எங்கே கிடந்தது?" என்று மட்டும் கேட்டார். சுவரைக் காட்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு மண் பெயர்ந்து ஒரு பொந்து இருந்தது. மேலே செம்மண் தரை, கீழே சாம்பல் நிறைந்த குழி. இரண்டும் சந்திக்கும் கோடு சரியாக அந்த இடத்தில்தான் போயிருந்தது. ஓடு குழிக்குள் இருந்ததா, தரைக்குள் இருந்ததா? தரையை வெட்டிக் குழி தோண்டினார்களா, குழியை மூடித் தரை போட்டார்களா? அந்தக் கோட்டை நான்தான் அழித்திருந்தேன். அவர் திட்டவில்லை. இடம் தெரியாத பொருட்களுக்கான பையில் ஓட்டைப் போட்டுவிட்டு, நெடுநேரம் அந்தப் பொந்தின் முன்னால் குந்தியிருந்தார்.

பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலருக்கே இந்த இடத்தில் சறுக்கியது. 1944இல் தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தி, மண்ணடுக்கைப் பிரித்துத் தோண்டும் ஒழுக்கத்தை இந்தியத் தொல்லியலாளர்களுக்குக் கற்பித்தவர் அவர். 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில், காலம் தெரிந்த இத்தாலிய மட்கலம் எந்த அடுக்கில் கிடைக்கிறது என்று பார்த்து, அதே அடுக்கின் உள்ளூர் ஓடுகளுக்கும் காலம் சொன்னார். ஆனால் மொகஞ்சதாரோவின் எலும்புக்கூடுகள் அவர் வருவதற்கு முன்பே, அடுக்குகளை அவ்வளவு கவனமாகப் பிரிக்காமல் தோண்டி எடுக்கப்பட்டவை. அவற்றை ஒரே படுகொலையில் மாண்டவர்களாக வாசித்து, படையெடுத்து வந்த ஆரியர்களே கொன்றார்கள் என்று, அவர்களுடைய கடவுளான இந்திரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி 1947இல் எழுதினார். 1964இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் பழைய அறிக்கைகளைப் பொறுமையாகத் திரும்பப் படித்தார். எலும்புக்கூடுகள் எல்லாம் ஒரே காலத்தவை என்று காட்ட வழியில்லை. போர் நடந்திருந்தால் பிணங்கள் விழுந்திருக்க வேண்டிய கோட்டைப் பகுதியில் ஒன்றுகூட இல்லை. எலும்புகள் மெய்யானவை, அவற்றை ஒரே நாளில் கொண்டுவந்து சேர்த்தது வாசிப்பு. அந்தப் படுகொலையை இன்றும் நடந்த நிகழ்ச்சியாகவே மேடையில் சொல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கற்பனை எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். சுவீடனில் வைக்கிங் காலத்து ஊரான பிர்காவில் தொல்லியலாளர் ஹியால்மர் ஸ்டோல்பே 1878இல் திறந்த ஒரு கல்லறையில் வாளும் கோடரியும் அம்புகளும் இரண்டு குதிரைகளும் இருந்தன. அது போர்வீரன் ஒருவனின் கல்லறை என்றே நூறாண்டுக்கு மேல் நம்பினார்கள். 2017இல் மரபணுச் சோதனை அந்த எலும்புகள் ஒரு பெண்ணுடையவை என்று காட்டியது. வீரன் என்றது கற்பனைதான், ஒப்புக்கொள்கிறேன். அவர் உண்மையிலேயே போரிட்டவரா என்று இப்போதும் வாதம் நடக்கிறது. ஆனால் 139 ஆண்டுகள் கழித்து ஒருவர் திருத்த முடிந்தது எப்படி? எந்தப் பொருள் எங்கே கிடந்தது என்று ஸ்டோல்பே படம் வரைந்திருந்தார். எலும்புகளின் மேல் கல்லறை எண் எழுதப்பட்டிருந்தது. அவருடைய முடிவு பிழை, அவருடைய பதிவு பிழையில்லை.

உங்கள் மணிகளைக் கழுவாதீர்கள், மாலையாகக் கோக்காதீர்கள். மேட்டின் எந்தப் பக்கத்தில், உச்சியிலா சரிவிலா, மழைநீர் அறுத்த ஓடையிலா உழுத மண்ணிலா, பதினொன்றும் ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுத்தவையா என்பதையெல்லாம் நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி, தெரிந்தவரை ஒரு படமும் வரைந்து, மணிகளோடு சேர்த்துத் தொல்லியல் துறையிடம் ஒப்படையுங்கள். இத்தனை ஆண்டுகள் அவற்றைத் தூக்கியெறியாமல் பார்த்துக்கொண்டே இருந்தவர் நீங்கள். அந்த மேட்டில் எங்கே குனிந்தீர்கள் என்பது மறந்திருக்காது.