சிற்றூர்ப் புத்தகக் கடையில் உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்கள் விற்குமா?

பணி ஓய்வுக்குப் பிறகு உங்கள் ஊரைப் பற்றி ஒரு நூல் எழுதி, சொந்தச் செலவில் அச்சிட்டிருப்பதாகச் சொல்லி, பக்கத்துச் சிறு நகரத்துப் புத்தகக் கடையில் கொடுத்தால் விற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்கும். வத்தலக்குண்டில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் புத்தகக் கடை நடத்துகிறேன்; அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். ஆனால் ‘உள்ளூர் எழுத்தாளர்கள்’ என்று பலகை எழுதி ஒரு மூலையில் அடுக்கினால் விற்காது. நானே அப்படிச் செய்து பார்த்தவன்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை நாங்கள் மதுரை மாவட்டத்துக்காரர்கள். கொடைக்கானல் போகிறவர்கள் டீ குடிக்க இறங்கும் ஊர் என்றுதான் பலருக்கு எங்களைத் தெரியும். தமிழின் இரண்டாவது நாவல் என்று பலரும் சொல்லும் ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜமய்யர் இந்த ஊர்க்காரர். 1893இல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் அதைத் தொடராக எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று; இருபத்தாறில் இறந்துவிட்டார். ‘மணிக்கொடி’ இதழை நடத்திய பி.எஸ். ராமையாவும் எங்கள் ஊர்தான். சி.சு. செல்லப்பா தம் பெயரின் முதலெழுத்தில் சின்னமனூரைச் சுமந்தாலும் வளர்ந்தது இங்கே. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியவர், தாம் வெளியிட்ட புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். சொந்தப் புத்தகத்தோடு கடைப்படி ஏறக் கூச்சப்படுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். நீங்களும் கூச்சப்பட வேண்டாம்.

இப்பேர்ப்பட்ட ஊரில் கடை வைத்திருக்கிறோமே என்ற பெருமையில்தான் அந்தத் தனி அலமாரியை ஆசை ஆசையாகச் செய்தேன். இரண்டு ஆண்டுகள் தூசி தட்டினேன். எழுதியவர்களின் உறவினர்கள் வந்து பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். கவிதை, கோயில் வரலாறு, நாட்டு மருந்து, நாவல் எல்லாம் அங்கே ஒன்றாகக் கிடந்தன. வாசகர் எதையோ தேடித்தான் கடைக்கு வருகிறார். எழுதியவரின் முகவரியைத் தேடி வருவதில்லை. மதுரையில் நாளிதழ் வேலை பார்த்துக்கொண்டு ஒய்.எம்.சி.ஏ. அறையில் வாழ்ந்த ப. சிங்காரமும் இந்தப் பக்கத்துக்காரர்தான், சிங்கம்புணரியில் பிறந்தவர். அவருடைய நாவல் ‘புயலிலே ஒரு தோணி’ இந்தோனேசியாவின் மேடானிலும் மலேசியாவின் பினாங்கிலும் நடக்கிறது. அதை ‘உள்ளூர்’ மூலையில் வைத்தால் அது யாருக்கானதோ அவர் கண்ணில் படவே படாது.

அலமாரியைக் கலைத்தேன். நாவல்கள் நாவல்களோடு போயின. ஜல்லிக்கட்டைப் பற்றிச் செல்லப்பா எழுதிய ‘வாடிவாசல்’ மார்கழிக் கடைசியில் கல்லாப்பெட்டி அருகில் வந்து உட்கார்ந்தது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு நடக்கும் அந்த வாரத்தில், மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் அதை எடுத்துப் புரட்டுகிறார்கள். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்தவன் அடுத்த ஆண்டு நண்பனைக் கூட்டிக்கொண்டு வருகிறான்.

உங்கள் நூலுக்கு நெருக்கமான ஒரு சம்பவம் சொல்கிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வெற்றிலைக் கொடிக்கால் பற்றி நூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அகத்தி விதைப்பது, கொடி நடுவது, கொடியை இறக்கிப் பதிப்பது, வெற்றிலையை எண்ணிக் கவுளியாகக் கட்டுவது, கொடிக்கால் வேலைக்குப் போனவர்களின் வழக்குச் சொற்கள் என்று எல்லாம் அதில் உண்டு. வாசலில், வார இதழ்களுக்குப் பக்கத்தில், அட்டை தெரியும்படி வைத்தேன். பேத்திக்கு நோட்டு வாங்க வந்த பெரியவர் ஒருவர், விரல் நுனியில் சுண்ணாம்புக் கறையோடு, அதைக் கையில் எடுத்தார். நின்றபடியே படித்தார். பேத்தி இரண்டு முறை கையைப் பிடித்து இழுத்தாள்; அவர் அசையவில்லை. பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, இது தப்பு. அகத்தி விதைத்து ஒரு மாதத்தில் கொடி நடலாம் என்று போட்டிருக்கிறார். ஒன்றரை மாதமாவது ஆக வேண்டும். கொடியைத் தாங்க அகத்திக்குத் தெம்பு வேண்டாமா?”

“ஆசிரியரிடம் சொல்கிறேன், ஐயா.”

“சொல்லு. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. மூன்று கொடு.”

ஒன்று அவருக்கு, ஒன்று திருப்பூரில் இருக்கும் மகனுக்கு, மூன்றாவது அவருடைய கொடிக்கால் பங்காளிக்கு. அதுவரை பாடப் புத்தகம் தவிர வேறு எதற்கும் அவர் என் கடையில் பணம் கொடுத்ததில்லை. அன்று இரவு கடையை அடைத்த பிறகும் எனக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

ஆகவே, உங்கள் நூலில் எந்தெந்தத் தெரு, கண்மாய், தொழில், திருவிழா வருகின்றன என்று ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுங்கள். முடிந்தால் அவரைப் படிக்க வையுங்கள். படித்த கடைக்காரருக்கு எந்த வாடிக்கையாளரிடம் அதை நீட்ட வேண்டும் என்று தெரியும்.

கணக்கு விஷயத்தில் வெட்கம் வேண்டாம். நான் விற்பனைக்குப் பின் பணம் என்ற முறையில்தான் எடுக்கிறேன், முப்பது விழுக்காடு கழிவு. 150 ரூபாய் நூலில் எனக்கு 45, எழுதியவருக்கு 105. முதலில் ஐந்து பிரதிகள் போதும். தீர்ந்தால் நானே அழைப்பேன். எத்தனை கொடுத்தீர்கள், என்ன விலை, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தொடக்க காலத்தில் நான் இதை வாய்ப்பேச்சாக வைத்திருந்து, ஓர் இளைஞரின் கவிதை நூலில் ஆறு பிரதிகளுக்குக் கணக்குத் தெரியாமல் போனது. பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அந்தப் பையன் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று முதல் உள்ளூர் நூல்களுக்கென்று தனிப் பேரேடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டுவாடா. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் அந்தக் குழப்பமும் இல்லை.

அடுத்த பதிப்பு போட்டால் புத்தகத்தின் முதுகில் தலைப்பை அச்சிடச் சொல்லுங்கள். சொந்தமாக அச்சிடுகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்; அலமாரியில் நிறுத்தினால் அது வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். பின்னட்டை முழுவதும் உங்கள் பட்டங்களையும் விருதுகளையும் நிரப்பாமல், நூலிலிருந்தே நல்ல பத்தி ஒன்றைப் போடுங்கள். எடுத்துப் பார்க்கிறவர் அதைத்தான் படிப்பார்.

இன்னொன்றையும் மனம் பொறுக்காமல் சொல்கிறேன். வெளியீட்டு விழா நடத்தி, பொன்னாடை போர்த்தி, வந்தவர்களுக்கெல்லாம் கையெழுத்திட்டு இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள். சிற்றூரில் உங்கள் நூலை வாங்கக்கூடியவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். அவர்களுக்கு நூறு பிரதிகள் சும்மா போய்விட்டால் கடைக்கு யார் வருவார்கள்? பணம் கொடுத்து வாங்கியவர் படிக்கிறார். சும்மா வாங்கியவர் வீட்டில் அது பீரோவின் மேல் போய்விடுகிறது. பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தம்பி வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் போடுகிறார்கள் என்றால் தாராளமாகக் கழிவு கொடுங்கள், ஆனால் விலைக்குக் கொடுங்கள்.

தலைமையாசிரியரிடம் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். மறுநாளே அவர் டவுன் பஸ் ஏறி அந்தக் கொடிக்காலுக்குப் போனார், மத்தியானம் வரை அங்கேயே இருந்தார். இரண்டாம் பதிப்பில் ‘ஒன்றரை மாதம்’ என்று திருத்தியிருக்கிறார். முன்னுரையில் பெரியவருக்கு நன்றியும் இருக்கிறது. அந்தப் பதிப்பிலும் மூன்று பிரதிகளைப் பெரியவர் காசு கொடுத்துத்தான் வாங்கிப் போனார்.