வியாழக்கிழமை ஆனால் தலைவலி

கேள்வி: எனக்கு 32 வயது. சொந்த ஊர் கிருஷ்ணகிரி. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் குடியிருக்கிறேன், ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை. அப்பா இறந்த பிறகு தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் ஆனதால், ஜெயநகரில் ஒரு தெரபிஸ்டிடம் வியாழன்தோறும் போய்வருகிறேன். முதல் ஐந்து வாரம் நன்றாகவே இருந்தது. இப்போது புதன் ராத்திரியே ‘நாளைக்குப் போகணுமா’ என்று இருக்கிறது. ரிலீஸ் வேலை, டிராஃபிக், தலைவலி என்று மூன்று முறை கேன்சல் செய்துவிட்டேன். செய்ததும் அப்பாடா என்றிருக்கிறது, படுக்கும்போது குற்ற உணர்வு. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தலாம், தொடரலாம். ஆனால் அந்த முடிவை ஆபீஸில் போனைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்காதீர்கள். ஜெயநகர் போய், அந்த நாற்காலியில் உட்கார்ந்து எடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட சொல் அந்த ‘அப்பாடா’தான். பயந்த ஒன்றைத் தவிர்த்ததும் நிம்மதி வருகிறது. கேன்சல் செய்தால் நிம்மதி என்ற பாடத்தை மனசு உடனே படித்துக்கொள்கிறது. அடுத்த வாரம் விரல் இன்னும் சீக்கிரம் போனுக்குப் போகும். தலைவலியும் பொய் இல்லை, நிஜமாகவே வலிக்கும். போதாக்குறைக்கு, உங்களைத் தெரபிக்குக் கொண்டுவந்ததே பிடிப்பின்மை. அதே பிடிப்பின்மை தெரபி மேலும் படியும், இல்லையா? மனச்சோர்வில் ‘மனசு வரட்டும், போறேன்’ என்று காத்திருந்தால் அது வருவதே இல்லை. முதலில் கால் போக வேண்டும், மனசு பின்னால் வந்து சேரும்.

அடுத்து, கடைசியாகப் போன செஷனில் என்ன பேசினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இழப்புக்காக என்னிடம் வருகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். முதல் சில வாரம் கொட்டித் தீர்ப்பதிலேயே பாரம் குறையும். ஆஸ்பத்திரி, காரியம், சொத்துப் பேச்சு எல்லாம் வரிசையாக வெளியே வந்துவிடும். அதெல்லாம் தீர்ந்த இடத்தில்தான் யாரிடமும் சொல்லாத ஒன்று உட்கார்ந்திருக்கும். எடுக்காமல் விட்ட ஒரு போன் காலாக இருக்கலாம், அப்பா மேல் இருந்த கோபமாகவும் இருக்கலாம். அதன் பக்கத்தில் வந்ததும் திடீரென்று டிராஃபிக் தாங்க முடியாததாகிவிடும். உங்களுக்கும் இதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆறாவது வாரத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, இந்த ஊர்த் தமிழர்களிடம் நான் தவறாமல் கேட்பது: தெரபியில் எந்த மொழியில் பேசுகிறீர்கள்? பெரும்பாலும் இங்கிலீஷ் என்றுதான் பதில் வரும். ‘ஐ ஹேட் அ டிஸ்டன்ட் ரிலேஷன்ஷிப் வித் மை ஃபாதர்’ என்று ஒருவர் சொல்லும்போது, மீட்டிங்கில் ஸ்டேட்டஸ் சொல்கிற குரல்தான் வரும். அதே ஆள் ‘கடைசியா ஒரு வாய் தண்ணிகூட என் கையால குடுக்கல’ என்று ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவார். இருமொழி பேசுகிறவர்களை வைத்து நடந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன: தாய்மொழியில் உணர்ச்சியின் கனம் பொதுவாக அதிகம், பின்னால் கற்ற மொழி கொஞ்சம் தள்ளி நிற்க இடம் கொடுக்கும். சில சமயம் அந்தத் தூரம் உதவியாகவும் இருக்கும். ஆனால் வாராவாரம் இங்கிலீஷில் அழகாகப் பேசிவிட்டு எதுவுமே அசையாமல் வீடு திரும்பினால், போகத் தோன்றாதது நியாயம்தானே? உங்கள் தெரபிஸ்டுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முக்கியமான வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிவிடுங்கள், அப்புறம் விளக்குங்கள்.

டிராஃபிக்கை நான் சாக்கு என்று தள்ளவில்லை. ஒயிட்ஃபீல்டிலிருந்து சாயங்காலம் டின் ஃபேக்டரி சந்திப்பைத் தாண்டுகிறவருக்குத் தனி மெடலே கொடுக்கலாம். மெட்ரோவில் பர்ப்பிள் லைனில் ஏறி மெஜஸ்டிக்கில் கிரீன் லைனுக்கு மாறினால் ஜெயநகர் ஸ்டேஷன். அல்லது சனிக்கிழமை காலை நேரம் கேளுங்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆன்லைனும் கேட்கலாம், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை இருந்தால் மட்டும். பக்கத்து அறையில் ஆள் இருக்கும்போது கிசுகிசுப்பது தெரபி ஆகாது.

தெரபிஸ்டே சரியில்லையோ என்ற சந்தேகம் இருந்தால், எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-ல் சொன்ன மூன்றை வைத்துப் பாருங்கள்: எதற்காக வருகிறோம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணமா, அங்கே செய்கிற வேலையில் அர்த்தம் தெரிகிறதா, அவர் மேல் நம்பிக்கை இருக்கிறதா. மூன்றாவது இல்லையென்றால் ஆளை மாற்றுவதில் தப்பில்லை.

இன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: “இந்த வாரமும் வரத் தோணல. ஆனா கேன்சல் பண்ணல, வர்றேன். ஏன் தோணலன்னே பேசலாமா?” மூன்று முறை வராததற்குத் திட்டுவார் என்று பயப்பட வேண்டாம். வரத் தோன்றவில்லை என்பதைவிட நல்ல ஆரம்பம் ஒரு தெரபிஸ்டுக்குக் கிடைக்காது. நான் பயிற்சியில் இருந்தபோது எனக்கும் ஒரு தெரபிஸ்ட் இருந்தார். ஒரு நாள் பத்து நிமிடம் லேட்டாகப் போய், மீதி நேரம் முழுக்க அங்கிருந்த டிஷ்யூ டப்பாவின் மூலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவும் செஷன்தான்.

மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால், தெரபியோடு சேர்த்து அதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தூக்கக் கெடுதி வரலாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வாழ்ந்து என்ன பயன் என்கிற நினைப்பு தலைகாட்டினால் வியாழன்வரை காத்திருக்க வேண்டாம். 14416-க்கு அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு ராத்திரியிலும் இயங்குகிறது.

எல்லாம் பார்த்த பிறகும், தூக்கம் திரும்பிவிட்டது, போதும் என்று தோன்றினால் போதும்தான். அப்போதும் மெசேஜில் முடிக்காதீர்கள். நிறுத்துவதற்கென்றே ஒரு வியாழன் போங்கள். அப்பாவிடம் சொல்லிக்கொண்டு விடைபெற உங்களுக்கு நேரம் கிடைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இங்கே அந்த நேரம் இருக்கிறது.