வேப்பம்பூப் பச்சடியும் அப்பாவின் மாத்திரையும்

வணக்கம்.

சித்திரை முதல் நாள் எங்கள் வீட்டில் மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவை வறுத்துப் போடுவது வழக்கம். இந்த ஆண்டு அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. புத்தாண்டு அன்று வெறும் வயிற்றில் இந்தப் பச்சடியைச் சாப்பிட்டால் ஆண்டு முழுவதும் சர்க்கரை ஏறாது, அம்மை அண்டாது, வயிற்றுப் பூச்சி செத்துவிடும் என்று அதில் இருக்கிறது. அப்பா வெகுகாலமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சித்திரை முழுக்கப் பச்சடி சாப்பிட்டு மாத்திரையை நிறுத்திப் பார்க்கப்போவதாகச் சொல்கிறார். தங்கையின் கைக்குழந்தைக்கும் பூச்சிக்கு நாலு சொட்டு வேப்பெண்ணெய் கொடுக்கலாம் என்கிறார். கல்லூரியில் படிக்கும் என் மகனோ, எல்லாம் மூடநம்பிக்கை, பச்சடியே வேண்டாம் என்கிறான். நம் முன்னோர் உடல்நலம் கருதித்தானே இதையெல்லாம் வைத்தார்கள்? இருவருக்கும் நான் என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி, மதுரை மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. பச்சடியில் வேப்பம்பூ ஒரு சிட்டிகைதான், வெல்லமோ கைநிறைய. வெல்லம் இயற்கையானது என்பதால் சர்க்கரை நோயாளிக்கு ஏற்றது என்று பலர் நம்புகிறார்கள். 10 கிராம் வெல்லத்திலும் 10 கிராம் சீனியிலும் ஏறத்தாழ ஒரே அளவு, 40 கலோரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தப் பச்சடியை மாதம் முழுக்கச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை அவருடைய மருத்துவர் வாயாலேயே அவர் கேட்கட்டும். நீங்களே அழைத்துக்கொண்டு போங்கள்.

வேப்பெண்ணெயை அந்தக் குழந்தையின் வாயருகே கொண்டுபோகவே வேண்டாம். வேப்பம்பூ வேறு, விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் வேறு. 1980களின் தொடக்கத்தில் மலேசியாவில், வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட சிறு குழந்தைகளுக்கு வாந்தியும் வலிப்பும் வந்து, மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். வீட்டுப் பெரியவர்கள் அன்போடு கொடுத்த எண்ணெய்தான் அது. பூச்சிக்கு மாத்திரை வேண்டுமென்றால், ஒரு வயது நிறைந்த குழந்தைகளுக்கு அங்கன்வாடியிலேயே அரசு இலவசமாகக் கொடுக்கிறது. அதற்கு முன் எதுவானாலும் குழந்தை மருத்துவரைக் கேட்டுத்தான்.

இனி உங்கள் கேள்வி. முன்னோர் உடல்நலம் கருதினார்களா? கருதினார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால், அந்தச் செய்தி சொல்கிற முறையில் இல்லை. ஒரு நாள் ஒரு கரண்டி சாப்பிட்டால் ஓராண்டுக்குக் காப்பு என்று எந்த உணவுக்கும் சொல்ல முடியாது. அம்மை ஒரு வைரஸால் வருவது. பச்சடி அதைத் தடுக்காது.

பங்குனிக் கடைசியில் ஒரு வேப்ப மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். மாலையில் பூ விரிந்து இரவெல்லாம் மணக்கும். மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைத்தால் விடியும்போது வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். எறும்பையும் காம்பையும் நீக்கி, முறத்தில் புடைத்து, நன்றாகக் காயவைத்து டப்பாவில் போட்டுவிட்டால் அடுத்த ஆண்டு வரை வரும். அதே வாரங்களில்தான் கொட்டை முற்றாத மாங்காய் சந்தைக்கு வருகிறது. தை தொடங்கி ஆலை ஓடியதில் புது வெல்லமும் வந்திருக்கும். பஞ்சாங்கம் ஊருக்கு ஊர் வேறாக இருந்தாலும் தட்டில் இருப்பது ஏறக்குறைய ஒன்றாக இருப்பது இதனால்தான். தெலுங்கர்கள் உகாதிப் பச்சடியில் புதுப் புளியையும் சேர்க்கிறார்கள். கர்நாடகத்தில் வேம்பும் வெல்லமும் கலந்து முதலில் வாயில் போடுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் குடி பாட்வா என்னும் தங்கள் புத்தாண்டு அன்று வேப்பங்கொழுந்தை வெல்லத்தோடு தின்கிறார்கள். பருவம் கொடுத்ததை அந்தப் பருவத்தின் முதல் நாளில் சமைத்தார்கள்.

உடல்நலக் காரணம் அதற்குப் பின்னால் வரும் வாரங்களில் இருக்கிறது. வெயில் ஏற ஏறப் பசி மந்தமாகும், வாய் எதையும் விரும்பாது. நாக்கில் கசப்பும் புளிப்பும் பட்டால் எச்சில் ஊறும், சாப்பாடு இறங்கும். கசப்பைப் பித்தத்தையும் கபத்தையும் தணிக்கும் சுவை என்று சித்த மருத்துவம் வகைப்படுத்துகிறது. புத்தாண்டு அன்று தொடங்கிய வேப்பம்பூ பிறகு ரசமாகவும் வறுத்த பொடியாகவும் அக்கினி நட்சத்திரம் முடியும்வரை வந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பல வீடுகளில் பச்சடியோடு வைக்கும் நீர்மோரை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். வேர்வையில் போவது தண்ணீரும் உப்பும். மோரில் கல்லுப்பு போட்டுக் குடித்தால் போனது இரண்டும் திரும்பி வருகிறது. கோடையில் இதைவிட நேரடியான பலன் தரும் பண்டிகை உணவு எனக்குத் தெரியவில்லை. வாட்ஸ்அப் செய்திகளில் அதைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மகனிடம் நான் சொல்ல விரும்புவது வேறு. ஒரு வழக்கத்தைப் பற்றிப் பொய்யாக ஒரு பலன் சொல்லப்பட்டது என்பதற்காக வழக்கமே பொய்யாகிவிடாது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கசப்பு, துவர்ப்பு ஆறும் ஒரே கிண்ணத்தில் இருக்கவேண்டும், வரப்போகும் ஆண்டில் கசப்பும் உண்டு என்று தெரிந்தே அதை எல்லாரும் சேர்ந்து உண்ணவேண்டும் என்று ஒரு சமூகம் நினைத்திருக்கிறது. அதற்கு ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் எதற்கு? எல்லாவற்றுக்கும் அறிவியல் காரணம் கண்டுபிடித்தே தீரவேண்டும் என்ற பதற்றம்தான் அப்பாவின் கைப்பேசிக்கு வந்ததுபோன்ற செய்திகளை உண்டாக்குகிறது. உங்கள் அப்பாவும் மகனும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். மருந்தாக இருந்தால்தான் மதிப்பு என்று இருவருமே நினைக்கிறார்கள்.

இந்த ஆண்டு பச்சடியை அவனையே செய்யச் சொல்லுங்கள். மாங்காயைத் தோலோடு நறுக்கி வேகவைத்தால் அந்தத் தோலில் கொஞ்சம் துவர்ப்பு கிடைக்கும். வெந்த பிறகு வெல்லம், ஒரு கல் உப்பு, கடுகும் மிளகாய் வற்றலும் தாளிப்பு. பூவை மட்டும் தனியாக, சிறு தீயில், நெய்யில் வறுக்கவேண்டும். காப்பிக்கொட்டை நிறம் வந்ததும் இறக்கிவிடவேண்டும். ஒரு நொடி தப்பினாலும் கருகிவிடும், கருகல் கசப்பு வேறு மாதிரி இருக்கும். பரிமாறும் நேரத்தில் மேலே தூவினால் மொறுமொறுப்பு போகாது. வெல்லம் சேர்ப்பதற்கு முன்பே அப்பாவுக்குத் தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துவைத்து, பெயருக்கு ஒரு துணுக்கு வெல்லம் மட்டும் போடுங்கள். அவருக்கு ஒரு தேக்கரண்டி போதும். மீந்த பூவை வாரம் இரண்டு நாள் ரசத்தில் போடலாம். அதில் வெல்லம் வேண்டியதில்லை.

அன்புடன்.