மைஎஸ்கியூஎல்அட்மின் காட்டும் எண்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் ஓடும் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் என்ற தொலைதூர டெர்மினல் வழியாக நுழைந்தால் டேஷ்போர்டு எதுவும் இருக்காது. ஆனால் சர்வரின் நிலையைக் காட்டும் மைஎஸ்கியூஎல்அட்மின் கட்டளை பெரும்பாலும் இருக்கும். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பதில்கள் 8.0, 8.4 பதிப்புகளுக்குப் பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அடிக்கோடு, சிறுகோடு எல்லாம் இங்கே உள்ளபடியே.

கேள்வி: ‘ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் ‘குவெரீஸ் பெர் செகண்ட் ஆவரேஜ்’ எப்போதும் 4.2 பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் தினமும் காலை 10 மணிக்கு சைட் திணறுகிறது. இந்த எண்ணை நம்பலாமா?

எண் சரிதான், ஆனால் உங்கள் கேள்விக்கான எண் அது இல்லை. சர்வர் தொடங்கியதிலிருந்து வந்த மொத்தக் குவெரிகளை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகள்) ‘அப்டைம்’, அதாவது சர்வர் ஓடிய வினாடிகளால் வகுத்துக் கிடைக்கும் சராசரி அது. சர்வர் 90 நாளாக ஓடுகிறது என்று வையுங்கள்: 77,76,000 வினாடி. இன்று காலை 10 நிமிடம் வினாடிக்கு 500 குவெரி கூடுதலாக வந்தாலும் மொத்தத்தில் சேர்வது 3 லட்சம்தான். சராசரி 4.2-லிருந்து 4.24 ஆகும். யார் கண்ணிலும் படாது.

தேவை இரண்டு அளவீடுகளுக்கு இடையிலான வித்தியாசம்:

மைஎஸ்கியூஎல்அட்மின் -ஆர் -ஐ 10 -சி 7 எக்ஸ்டெண்டட்-ஸ்டேட்டஸ்

‘-ஐ 10’ என்றால் 10 வினாடிக்கு ஒருமுறை. ‘-ஆர்’ என்றால் முந்தைய அளவீட்டிலிருந்து எவ்வளவு மாறியது என்பது மட்டும். ‘-சி 7’ ஏழு முறையோடு நிறுத்தும். முதல் முறை வருவது தொடக்கத்திலிருந்தான மொத்தம், அதைத் தள்ளிவிடுங்கள். இரண்டாவதிலிருந்து ‘குவெஸ்சன்ஸ்’ வரியை 10-ஆல் வகுத்தால் அந்த நேரத்து உண்மையான வேகம் தெரியும். நூற்றுக்கணக்கான வரிகள் வரும் என்பதால் கிரெப் (வரிகளைத் தேடி எடுக்கும் கட்டளை) போட்டு வேண்டியதை மட்டும் எடுங்கள்.

‘குவெரீஸ்’ என்று இன்னொரு வரி இருக்கும். ஸ்டோர்டு ப்ரொசீஜருக்குள் (சர்வரிலேயே சேமித்து வைத்த குவெரித் தொகுப்பு) ஓடுபவற்றையும் சேர்த்து எண்ணுவது அது. ப்ரொசீஜர் அதிகம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் வெகுதூரம் விலகும்.

கேள்வி: ‘-ஆர்’ போட்டால் ‘த்ரெட்ஸ்_ரன்னிங்’ -6 என்று வருகிறது. மைனஸ் எப்படி வரும்?

இந்த நொடியில் வேலை செய்துகொண்டிருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை அது. 16 ஆக இருந்தது 10 ஆகக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பட்டியலில் இரண்டு வகை எண்கள் கலந்து கிடக்கின்றன. ‘குவெஸ்சன்ஸ்’, ‘ஸ்லோ_குவெரீஸ்’ போன்றவை ஏறிக்கொண்டே போகும் எண்ணிக்கைகள். அவற்றுக்கு வித்தியாசம்தான் பொருள். ‘த்ரெட்ஸ்_கனெக்டட்’, ‘த்ரெட்ஸ்_ரன்னிங்’, ‘ஓப்பன்_டேபிள்ஸ்’ ஆகியவை இந்த நொடியின் நிலை. ‘-ஆர்’ இவற்றைப் பிரித்துப் பார்க்காது, எல்லாவற்றையும் கழித்துவிடும். நிலை எண்களுக்கு ‘-ஆர்’ இல்லாமல் தனியாக ஓட்டுங்கள். ‘த்ரெட்ஸ்_ரன்னிங்’ ஒருபோதும் 0 ஆகாது; பார்க்கும் உங்கள் இணைப்பே அதில் ஒன்று.

அதேபோல, யாருமே இல்லாத சர்வரிலும் ‘கிரியேட்டட்_டெம்ப்_டேபிள்ஸ்’ ஒவ்வொரு முறையும் ஏறும். ஸ்டேட்டஸ் எடுக்கும் கட்டளையே ஒரு தற்காலிக டேபிளை உருவாக்குகிறது. அதைத் துரத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ பிழை அடிக்கடி வருகிறது. மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை 1000 ஆக்கிவிடலாமா சார்?

முதலில் மூன்று எண்களைப் பாருங்கள். ‘மைஎஸ்கியூஎல்அட்மின் வேரியபிள்ஸ்’ மூலம் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ். மாற்றாமல் விட்டிருந்தால் 151. எக்ஸ்டெண்டட்-ஸ்டேட்டஸில் ‘மேக்ஸ்_யூஸ்டு_கனெக்‌ஷன்ஸ்’, இதுவரை தொட்ட உச்சம் அது, எப்போது தொட்டது என்பது அதே பெயரோடு ‘_டைம்’ சேர்ந்த வரியில் இருக்கும். மூன்றாவது ‘த்ரெட்ஸ்_ரன்னிங்’.

இணைப்பு 150, ரன்னிங் 3 என்றால் சர்வர் சும்மா இருக்கிறது, இணைப்புகள் தூங்குகின்றன. ‘ப்ராசஸ்லிஸ்ட்’ கொடுத்தால் ‘ஸ்லீப்’ என்று வரிசையாக நிற்பது தெரியும், எந்த ஹோஸ்டிலிருந்து வந்தது என்பதும் தெரியும். பெரும்பாலும் கணக்குப் பிழைதான்: நான்கு ஆப் சர்வர், ஒவ்வொன்றிலும் 40 இணைப்பு கொண்ட பூல் (ஆப் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு), மொத்தம் 160. பூலைக் குறையுங்கள். சும்மா இருக்கும் இணைப்பைச் சர்வர் துண்டிக்கும் காலமான வெயிட்_டைமவுட் இயல்பாக 28,800 வினாடி, அதாவது 8 மணி நேரம். அதைக் குறைத்தால் பூலில் இணைப்பின் ஆயுளை அதைவிடக் குறைவாக வையுங்கள். இல்லாவிட்டால் ‘சர்வர் ஹேஸ் கான் அவே’ என்று புதுப் பிழை கிளம்பும். குளோபலாக மாற்றியது புதிய இணைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும்.

மாறாக, ரன்னிங்கும் 100-ஐத் தாண்டினால் குவெரிகள் எங்கோ முட்டி நிற்கின்றன. அப்போது வரம்பை 1000 ஆக்கினால் முட்டி நிற்கும் கூட்டம் பெரிதாகும், ஒவ்வொரு இணைப்பும் நினைவகத்தைத் தின்னும். ‘-வி ப்ராசஸ்லிஸ்ட்’ போட்டு முழுக் குவெரியைப் பாருங்கள். ‘-வி’ இல்லாவிட்டால் முதல் 100 எழுத்துதான் வரும்.

151 நிரம்பிய பிறகும் கனெக்‌ஷன்_அட்மின் உரிமை உள்ளவருக்கு ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கும். உங்கள் ஆப்பே ரூட் கணக்கில் இணைந்தால் அந்த இடத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும். அப்புறம் உள்ளே போய்ப் பார்க்கக்கூட வழியில்லை.

கேள்வி: சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ‘பிங்’ வைத்து, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் ஸ்கிரிப்ட் எழுதினேன். பாஸ்வேர்டு மாறிய பிறகும் எல்லாம் நலம் என்றே சொன்னது. ஏன்?

‘ஆக்சஸ் டினைட்’ வந்தாலும் ‘பிங்’ 0, அதாவது வெற்றி என்ற எக்ஸிட் கோடையே திருப்பும். சர்வர் உயிரோடு இருக்கிறது, உங்களைத்தான் மறுத்தது என்பது அதன் கணக்கு. உள்ளே நுழைய முடிகிறதா என்று சோதிக்க எக்ஸ்டெண்டட்-ஸ்டேட்டஸை ஓட்டி அதன் எக்ஸிட் கோடைப் பாருங்கள். அதற்கு உள்ளே நுழையும் அனுமதி தவிர எந்த உரிமையும் தேவையில்லை, எனவே கண்காணிப்புக்கென்று வெறும் கணக்கு ஒன்று போதும். பிறருடைய இணைப்புகளை ப்ராசஸ்லிஸ்டில் பார்க்க மட்டும் ‘ப்ராசஸ்’ உரிமை கொடுங்கள்.

பாஸ்வேர்டை கிரான் வரியிலேயே எழுதாதீர்கள். மைஎஸ்கியூஎல்_கான்ஃபிக்_எடிட்டரில் ஒரு லாகின்-பாத் (சேமித்து வைத்த நுழைவு விவரம்) உருவாக்கி, கட்டளையில் ‘--லாகின்-பாத்’தை மற்ற ஆப்ஷன்களுக்கு முன்னால் கொடுங்கள். அந்த விவரம் உள்ள கோப்பு உருவாக்கியவரின் ஹோம் ஃபோல்டரில் இருக்கும். உங்கள் பெயரில் உருவாக்கிவிட்டு ரூட்டின் கிரானில் ஓட்டினால் கிடைக்காது. அதற்குள் இருப்பது மறைத்து வைத்த பாஸ்வேர்டுதான். கோப்பு கைக்குக் கிடைத்தால் எடுத்துவிடலாம், பூட்டு என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: பஃபர் பூல் ஹிட் ரேட் 99.9%. ஆனாலும் டிஸ்க் திணறுகிறது.

பஃபர் பூல் என்பது டேட்டாவை ரேமில் வைத்திருக்கும் இடம்; ஹிட் ரேட் என்பது டிஸ்க்கைத் தொடாமல் அங்கேயே கிடைத்தவற்றின் விகிதம். சதவீதம் மயக்கும். 10 வினாடி வித்தியாசத்தில் ‘இன்னோடிபி_பஃபர்_பூல்_ரீட்_ரிக்வெஸ்ட்ஸ்’ 2.4 கோடி, ‘இன்னோடிபி_பஃபர்_பூல்_ரீட்ஸ்’ 24,000 என்று வைப்போம். ஹிட் ரேட் சரியாக 99.9%. ஆனால் வினாடிக்கு 2,400 முறை டிஸ்க்கைத் தொடுகிறது. ஒரு டேட்டா பக்கம் 16 கேபி என்பதால் வினாடிக்கு ஏறத்தாழ 37.5 எம்பி, அதுவும் சிதறிய ரீடு. சாதாரண ஹார்டு டிஸ்க் இதற்குத் தாங்காது. எனவே ரீட்ஸ் எண்ணை அப்படியே பாருங்கள், விகிதத்தை விடுங்கள்.

பூல் அளவு இயல்பாக 128 எம்பிதான். மாற்றாமல் விட்டிருந்தால் முதல் வேலை அதுவே. டேட்டாபேஸுக்கென்றே உள்ள சர்வரில் ரேமின் பாதிக்கு மேல் கொடுப்பது வழக்கம். ஆனால் காலிப் பக்கங்களைக் காட்டும் ‘இன்னோடிபி_பஃபர்_பூல்_பேஜஸ்_ஃப்ரீ’ நாள் முழுக்கப் பெரிய எண்ணாகவே நின்றால் பூல் இன்னும் நிரம்பவில்லை, கூட்டிப் பயனில்லை.

பெரும்பாலும் மூலகாரணம் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இல்லாத குவெரி. ‘ஹேண்ட்லர்_ரீட்_ஆர்என்டி_நெக்ஸ்ட்’ வித்தியாசம் லட்சக்கணக்கில் ஓடினால் முழு டேபிள் ஸ்கேன் நடக்கிறது. ரேமை வாங்கிப் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஹிட் ரேட்டை உயர்த்திக் காட்டுவதும் பல நேரம் இந்த ஸ்கேன்தான்.

கேள்வி: டேபிள் விவரங்களைக் காட்டும் மைஎஸ்கியூஎல்ஷோ ‘--ஸ்டேட்டஸ்’ ஒரு டேபிளில் 8 லட்சம் வரி என்கிறது. எண்ணிப் பார்த்தால் 11 லட்சம். டேட்டா கெட்டுவிட்டதா?

இல்லை. டேபிள்களைச் சேமிக்கும் இன்னோடிபி இன்ஜினில் அந்த எண் மாதிரிப் பக்கங்களை வைத்துப் போட்ட மதிப்பீடு, இயல்பாக 20 பக்கம். உண்மையிலிருந்து 40–50% வரை விலகலாம். அதோடு 8.0 முதல் இந்தப் புள்ளிவிவரம் 86,400 வினாடி, அதாவது ஒரு நாள் வரை கேச்சிலிருந்தே வரும். ‘அனலைஸ் டேபிள்’ ஓட்டினால் புதுப்பிக்கும், ஆனாலும் மதிப்பீடுதான். துல்லியம் வேண்டுமென்றால் ‘--கவுண்ட்’ உண்டு. எல்லா டேபிளையும் முழுக்க எண்ணும் என்பதால் பெரிய டேட்டாபேஸில், வேலை நேரத்தில் வேண்டாம்.

கேள்வி: டாக்கரில் 3307 போர்ட்டில் ஒரு சர்வர். ‘-ஹெச் லோக்கல்ஹோஸ்ட் -பி 3307’ கொடுத்தாலும் பழைய சர்வரின் எண்களே வருகின்றன.

லினக்ஸில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றால் யூனிக்ஸ் சாக்கெட் (அதே கணினிக்குள் இணையும் கோப்பு) வழியாகவே போகும், போர்ட்டைக் கண்டுகொள்ளாது. 127.0.0.1 என்று கொடுங்கள், அல்லது ‘--ப்ரோட்டகால்=டிசிபி’ சேருங்கள். போர்ட்டுக்குப் பெரிய எழுத்து ‘பி’. சின்ன எழுத்து பாஸ்வேர்டுக்கு.

கேள்வி: சேமித்து வைக்கும் அளவீடுகளில் சில நாள் பெரிய மைனஸ் எண் விழுகிறது.

சர்வர் ரீஸ்டார்ட் ஆகி எண்ணிக்கைகள் 0-விலிருந்து தொடங்கியிருக்கும். ஒவ்வொரு அளவீட்டோடும் ‘அப்டைம்’ சேர்த்துச் சேமியுங்கள். முந்தையதைவிடக் குறைந்திருந்தால் அந்த வித்தியாசத்தைத் தள்ளிவிடுங்கள். நீங்கள் ரீஸ்டார்ட் செய்யாத நாளில் அப்படி நடந்தால் கெர்னல் லாகில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று தேடுங்கள். பஃபர் பூலுக்கு ரேமை அள்ளிக்கொடுத்த சர்வர்களில் கெர்னல் முதலில் கொல்வது பெரும்பாலும் மைஎஸ்கியூஎல்லைத்தான்; சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதை உடனே எழுப்பிவிடுவதால் சில வினாடித் தடங்கலாக மட்டும் கடந்துபோயிருக்கும்.