‘என்னை ஏன் வெளியே நிறுத்தினார்கள்?’ – குழந்தைகள் பல் மருத்துவர் பதில் சொல்கிறார்

குழந்தையைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போய், அங்கே நடந்தது பிடிக்காமல் கோபமும் குழப்பமுமாகத் திரும்பிய பெற்றோர் அனுப்பிய கேள்விகள் இவை. நான் குழந்தைகளுக்கு மட்டுமே பல் வைத்தியம் பார்ப்பவள். உங்கள் டாக்டர் தரப்பை நான் கேட்கவில்லை என்பதால் தீர்ப்பு எழுத மாட்டேன். வழக்கமாக நடப்பது எது, நடந்திருக்கக் கூடாதது எது, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

கேள்வி (ஒரு தாய்): டாக்டர், என் மகளுக்கு 3 வயது. பல் டாக்டரிடம் போனது இதுதான் முதல் தடவை. “நீங்க இருந்தா அழுவா, வெளியில இருங்க” என்று சொல்லி உதவியாளர் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் அலறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது கண்ணைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். “கொஞ்சம் பிடிச்சுக்க வேண்டியதாப் போச்சு, கிளீனிங் முடிஞ்சது” என்றார் டாக்டர். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லை அம்மா. ஆனால் உங்கள் கோபத்தில் மூன்று நான்கு விஷயங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

முதலில் அழுகை. 3 வயதுக் குழந்தை பல் டாக்டரிடம் அழுதது என்பதை மட்டும் வைத்துத் தவறு நடந்ததாகச் சொல்ல முடியாது. ரொம்பச் சின்னக் குழந்தைகளை நாங்கள் பெரிய நாற்காலியில் உட்காரவைப்பதே இல்லை. அம்மாவும் டாக்டரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார வேண்டும். குழந்தை அம்மாவைப் பார்த்தபடி அவர் மடியில் இருக்கும், கால்கள் இரண்டும் அம்மாவின் இடுப்புக்கு இரண்டு பக்கமும். அப்படியே மெல்ல பின்னால் சாய்த்தால் தலை டாக்டரின் மடிக்கு வந்துவிடும். குழந்தையின் கைகளை அம்மா பிடித்துக்கொள்வார். பெரும்பாலும் அழும். அழும்போது வாய் நன்றாகத் திறக்கும், கடைசிக் கடவாய்ப்பல் வரை தெரியும். இரண்டு நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடலாம், குழந்தை எழுந்து அம்மாவின் தோளைக் கட்டிக்கொள்ளும். அழுகை உண்டுதான். ஆனால் அம்மாவின் முகம் கடைசி வரை அதன் கண்ணெதிரே இருக்கிறது.

அடுத்து, உங்களை வெளியே நிறுத்தியது. அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இல்லாவிட்டால் நன்றாக ஒத்துழைக்கும் குழந்தைகளும் உண்டு, குறிப்பாகப் பள்ளிக்குப் போகும் வயதில். அதனால் சில டாக்டர்கள் அப்படிக் கேட்பார்கள். ஆனால் 3 வயதில் பிரிவதே பெரிய பயம். என் அறையில் அந்த வயதுக் குழந்தையின் தாயை நான் வெளியே அனுப்புவதில்லை. டாக்டர் கேட்கலாம், “வேண்டாம், நான் கூடவே இருக்கிறேன்” என்று நீங்கள் மறுக்கலாம். அவருக்கு அது ஒத்துவராது என்றால் அப்போதே சொல்லிவிட வேண்டும், நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: பிடித்துக்கொண்டது. கை, கால், தலையை அசையாமல் பிடிப்பது எங்கள் துறையில் ஒப்புக்கொள்ளப்பட்ட முறைதான், ஆனால் கடைசி வழி. எதற்காக, யார், எப்படிப் பிடிப்பார்கள், வேறு வழி என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்தார்கள் என்பதையும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். முகம் வீங்கி, சீழ் கட்டி, அல்லது விழுந்து ரத்தம் ஒழுக வந்த குழந்தை என்றால் அவசரம் புரிகிறது. கிளீனிங்குக்கு என்ன அவசரம்? குழந்தை மிரண்டால் பிரஷைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொரு நாள் வாங்க” என்று அனுப்பியிருக்கலாம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “தள்ளிப்போடக்கூடிய வேலைக்கு, என்னைக் கேட்காமல் ஏன் பிடித்தீர்கள்?” ‘எல்லாக் குழந்தைக்கும் இப்படித்தான்’ என்பது இதற்குப் பதிலாகாது.

சிவப்புப் புள்ளிகளைப் பற்றி: மூச்சை அடக்கிக் கதறி அழுதால் முகத்திலும் கழுத்திலும் மெல்லிய ரத்தக்குழாய்கள் வெடித்து இப்படி வரும். சில நாளில் தானாக மறைந்துவிடும். ஆனால் மார்பு, வயிறு, கால் என்று கீழேயும் புள்ளிகள் இருந்தால், பரவினால், காய்ச்சல் வந்தால், அல்லது கையில் விரல் பதிந்த கன்றல் தெரிந்தால் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அதே தாய்): நன்றி டாக்டர். போய்க் கேட்டேன். முதலில் பெயர், வயது எழுதிக்கொடுத்த படிவத்தில் ‘சிகிச்சைக்குச் சம்மதம்’ என்று ஒரு வரி இருந்ததாம், நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். அதைக் காட்டுகிறார்கள்.

பதில்: அந்த வரி பொதுவானது. பரிசோதனைக்கும் சாதாரண வைத்தியத்துக்கும் நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள் என்று காட்டும். பிடித்துக்கொள்வது, மயக்கம் கொடுப்பது, பல் பிடுங்குவது இதற்கெல்லாம் தனியாக விளக்கிச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். விளக்காமல் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று நான் மதிப்பதில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கொடுத்த சம்மதத்தை நடுவிலும் திரும்பப் பெறலாம். “நிறுத்துங்க” என்றால் நிறுத்த வேண்டும். பல்லைத் திறந்துவிட்ட நிலையில் மட்டும், உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடும் வரை டாக்டருக்கு அவகாசம் கொடுங்கள். பாதியில் விட்டால் குழந்தைக்குத்தான் வலி.

இனி வாய்ப்பேச்சு வேண்டாம். அன்றைய குறிப்புகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். பிடித்தது அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதப்படவில்லை என்றால் உங்கள் புகாருக்கு அதுவே பலம்.

கேள்வி (ஒரு தந்தை): 5 வயது மகனுக்கு ஆறு மாதம் முன்பு ஒரு டாக்டர் ‘சொத்தையே இல்லை’ என்றார். இப்போது வேறு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ‘நான்கு சொத்தை’ என்கிறார். பார்த்தால் பல் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஏமாற்றுகிறாரா?

பதில்: இருவரும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பால் பற்களில் கடவாய்ப்பற்கள் இரண்டும் அகலமாக ஒட்டி நிற்கும். அந்த ஒட்டுகிற இடத்தில் சொத்தை தொடங்கினால் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. கடித்துக்கொண்டு எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயில்தான் தெரியும். முதல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தாரா என்று கேளுங்கள். அதோடு பால் பல்லின் எனாமல், அதாவது பல்லின் மேலிருக்கும் கடினமான வெள்ளை உறை, பெரியவர்கள் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதி கனம்தான். அதனால் சொத்தை சீக்கிரம் உள்ளே இறங்கும்.

அதற்காகக் கேள்வி கேட்காமல் தலையாட்டவும் வேண்டாம். படத்தைத் திரையில் காட்டச் சொல்லி ஒவ்வொரு பல்லாகக் கேளுங்கள்: “எனாமலோடு நிற்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா?” எனாமலோடு நிற்கும் சொத்தையைக் குடைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல்லை உறுதியாக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றி, சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். பொறுமையாகக் காட்டி விளக்குகிறவர் மேல் நம்பிக்கை வைக்கலாம். இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் இதே எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள். குழந்தைக்கு மறுபடி எடுக்க வேண்டாம்.

கேள்வி (ஒரு தாய்): அடைப்பதற்குத்தான் ஒத்துக்கொண்டோம். முடிந்த பிறகு பார்த்தால் பல் முழுவதையும் மூடுகிற ஸ்டீல் கேப் போட்டிருக்கிறார். “உள்ளே ஆழமா இருந்தது” என்கிறார். விழப்போகிற பல்லுக்குக் கேப் எதற்கு என்று மாமியார் வேறு கேட்கிறார்.

பதில்: மாமியாருக்கு முதலில்: முன்பற்கள் 6, 7 வயதில் விழும். ஆனால் பின்னால் இருக்கும் பால் கடவாய்ப்பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அதுவரை மெல்லவும் வேண்டும், நிலைப்பல்லுக்கு இடம் பிடித்துவைக்கவும் வேண்டும். பல்லின் இரண்டு மூன்று பக்கம் சொத்தை என்றால் அடைப்பைவிட ஸ்டீல் கேப்தான் நீடிக்கும். ஊசியும் குடைதலும் இல்லாமலே கேப்பை மாட்டி, உள்ளே சொத்தையை மூடிவிடும் முறைகூட இருக்கிறது. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் செய்துகாட்டியது, அவர் பெயரிலேயே ஹால் முறை என்கிறோம். ஆக, வைத்தியம் சரியாகவே இருக்கலாம்.

கேட்காமல் மாற்றியது சரியில்லை. திறந்த பிறகு ஆழம் தெரியவருவது எங்களுக்கு அன்றாடம் நடப்பது. ஆனால் நீங்கள் கதவுக்கு வெளியேதானே இருந்தீர்கள்? வந்து சொல்ல ஒரு நிமிஷம் போதும். அடுத்த முறை தொடங்கும் முன்பே, “ஆழமாக இருந்தால் என்ன செய்வீர்கள், அதற்கு என்ன செலவு, என்னிடம் சொல்லிவிட்டுத்தானே செய்வீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை): மகள் முன்பல்லில் ஏதோ மருந்து தடவினார்கள். மறுநாள் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. பல்லைக் கெடுத்துவிட்டார்கள்!

பதில்: அது சில்வர் டயமைன் ஃபுளோரைடாக இருக்கும், வழக்கமாக 38 சதவீதக் கரைசல். சொத்தையை அது நிறுத்துகிறது, நிறுத்திய இடம் கறுக்கிறது. நல்ல எனாமல் கறுக்காது. உதட்டிலோ ஈறிலோ பட்ட கறை சில நாளில் போய்விடும், சொத்தையின் கறுப்பு போகாது. குடைய முடியாத சின்னக் குழந்தைக்கு இது அருமையான மருந்து. பல் கெடவில்லை. ஆனால் சிரித்தால் தெரிகிற பல்லில் தடவும் முன், கறுத்த பல்லின் படத்தைக் காட்டிக் கேட்டிருக்க வேண்டும். அந்த வருத்தம் நியாயம். குழந்தை கொஞ்சம் ஒத்துழைக்கும் வயது வந்ததும் மேலே வெள்ளை அடைப்பு வைத்து மறைக்க முடியும், அதைக் கேளுங்கள்.

கேள்வி (ஒரு தாய்): ஊசி போட்டுப் பல் அடைத்துவிட்டு வந்தோம். சாயங்காலம் கீழுதடு வீங்கி, மறுநாள் வெள்ளையாகச் சீழ் மாதிரி. மெஷின் பட்டு வெட்டிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் குழந்தையே கடித்துக்கொண்டது. மரத்துப்போன உதடு அவனுக்குப் புதுமையாக இருக்கும், மென்று பார்ப்பான், வலிக்காது. பல் மரப்பு விட்ட பிறகும் உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். அந்த வெள்ளை சீழ் இல்லை, புண் ஆறும்போது மேலே படரும் படலம். சுரண்ட வேண்டாம். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர், உதட்டுக்கு வாசலின், காரமில்லாத மென்மையான சாப்பாடு போதும். ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ காட்டுங்கள். ‘மரப்பு விடும் வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அவர்கள் உங்களிடம் சொல்லாமல் விட்டிருந்தால் அது அவர்கள் குறைதான்.

கேள்வி (ஒரு தாய்): ‘ராத்திரி பால் பாட்டிலோட தூங்க வெச்சீங்கல்ல, உங்களாலதான்’ என்று எல்லோர் முன்னாலும் திட்டினார். அன்றைக்கு முழுக்க அழுதேன்.

பதில்: சொன்ன விதம் தவறு. தாயைக் கூனிக்குறுக வைத்தால் அடுத்த முறை அவர் வரவே மாட்டார், நஷ்டம் குழந்தைக்கு. காரணம் மட்டும் உண்மை: தூக்கத்தில் எச்சில் குறைவு, பால் பல்லிலேயே தங்கிவிடும். இன்றிலிருந்து படுக்கும் முன் கடைசியாகப் பல் தேய்ப்பது, அதன் பிறகு தண்ணீர் மட்டும். ஃபுளோரைடு பேஸ்ட் 3 வயதுக்குள் அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு.

கேள்வி (ஒரு தந்தை): எங்கள் டாக்டர் நேர்மாறு. 4 வயது மகன் அழுததும் நிறுத்திவிட்டு, “மயக்கம் கொடுத்துத்தான் செய்யணும், வேற இடத்துக்கு எழுதித் தரேன்” என்கிறார். தட்டிக்கழிக்கிறாரோ?

பதில்: அவரை விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். தன்னால் பயமுறுத்தாமல் செய்ய முடியாது என்று தெரிந்து நிறுத்துகிறவர் நல்ல டாக்டர். போகிற இடத்தில் மட்டும் கவனமாகக் கேளுங்கள். பல் வேலை செய்கிறவர் தவிர, குழந்தையின் மூச்சையும் நாடித்துடிப்பையும் மட்டுமே பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற இன்னொருவர் இருக்கிறாரா? விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி மாட்டுவார்களா? மூச்சு தடைப்பட்டால் சமாளிக்க என்ன வைத்திருக்கிறார்கள்? எத்தனை மணி நேரம் பட்டினி என்று சொல்வார்கள், பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரத்துக்குக் குறையாது. பாவம் பார்த்து ஒரு வாய் ஊட்டிவிட்டால், மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போகும் ஆபத்து. தவறிப்போய்க் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், தேதியைத் தள்ளிவைப்பார்கள்.

கேள்வி (ஒரு தாய்): கோபத்தில் குழந்தை அழும் வீடியோவோடு இணையத்தில் எழுதப்போகிறேன். எழுதலாமா?

பதில்: வீடியோ வேண்டாம். அவள் வளர்ந்த பிறகும் அது அங்கேயே கிடக்கும். முதலில் டாக்டருக்கு எழுதுங்கள், பிறகு அந்த இடத்தின் பொறுப்பாளருக்கு. பதில் வராவிட்டால் பல் மருத்துவர்களைப் பதிவுசெய்யும் கவுன்சிலுக்கு. எங்கே எழுதினாலும் கண்ணால் கண்டதை மட்டும் தேதியோடு எழுதுங்கள்.

கேள்வி (முதலில் கேட்ட தாய்): டாக்டர், கடைசியாக ஒன்று. அன்றிலிருந்து வீட்டில் பல் தேய்க்கவே வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். திரும்ப எப்படிக் கூட்டிப்போவது?

பதில்: இதைத்தான் நான் முதலில் சரிசெய்வேன். தரையில் உட்கார்ந்து, அவள் தலையை உங்கள் மடியில் வைத்து, மேலிருந்து பார்த்துத் தேயுங்கள். முதலில் அவள் உங்கள் பல்லைத் தேய்க்கட்டும். அப்புறம் அவள் முறை, ஐந்து எண்ணும் வரைதான். ஐந்து என்றால் ஐந்திலேயே நிறுத்துங்கள், இன்னும் இரண்டு பல் பாக்கி இருந்தாலும் சரி. நாளைக்கு ஏழு எண்ணலாம்.

டாக்டரை மாற்றுங்கள். போன் செய்யும்போதே நடந்ததைச் சொல்லி, “முதல் நாள் வேலை எதுவும் வேண்டாம், நான் கூடவே இருப்பேன்” என்று பேசிக்கொள்ளுங்கள். தூக்கம் கலைந்து தெளிவாக இருக்கும் காலை நேரம் வாங்குங்கள். நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்க்கட்டும், கண்ணாடியைக் கையில் பிடிக்கட்டும், காற்றடிக்கும் கருவியை டாக்டர் அவள் விரல் நகத்தில் அடித்துக் காட்டட்டும். சொல்லி, காட்டி, அப்புறம்தான் செய்வது எங்கள் துறையின் பழைய, நல்ல முறை. வீட்டில் ‘வலிக்காது’, ‘ஊசி போட மாட்டாங்க’ என்று சொல்லாதீர்கள். அவள் நினைக்காததை நாமே நினைக்கவைப்பதாகிவிடும். சேட்டை செய்தால் டாக்டரிடம் கூட்டிப்போவேன் என்று வீட்டில் யாரும் மிரட்டவும் வேண்டாம். அவள் கை தூக்கினால் டாக்டர் நிறுத்துவார் என்று மூன்று பேருமாக ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். முதல் தடவை சோதித்துப் பார்க்கவே தூக்குவாள். அப்போது டாக்டர் உடனே கையை எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுக்காவிட்டால் அங்கிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.